சரக்கு வண்டியில் போகும் தண்ணீர்

2016-ஆம் வருஷம் ஏப்ரல் 11-ஆம் தேதி மீரஜ் ஜங்ஷனிலிருந்து ஒரு சரக்கு வண்டி புறப்பட்டது. எண்ணெய் ஏற்றும் வகையைச் சேர்ந்த தொட்டி வாகன்கள் பத்து; ராஜஸ்தானத்துக் கோட்டா நகரின் ரயில்வே பட்டறையில் நீராவி பாய்ச்சிச் சுத்தம் செய்யப்பெற்று வந்தவை. அவற்றில் ஏற்றப்பட்ட சரக்கு கிருஷ்ணா நதியின் தண்ணீர். வாகனுக்கு 50,000 லிட்டர் வீதம் 5 லட்சம் லிட்டர். மறுநாள் அவ்வண்டி லாத்தூர் நகரைச் சென்றடைந்தது.

லாத்தூருக்குக் குடிநீர் தந்துவந்த மாஞ்சரா அணை அந்த வருஷம் அடியோடு வற்றிவிட்டது. தண்ணீர்த் தொட்டிகளைச் சுற்றி ஜனங்கள் கூடிக் கைகலப்பு நேர்ந்துவிடக் கூடாதென்று, மார்ச் மாதத்திலேயே ஜில்லா அதிகாரிகள் 144-ஆவது பிரிவின்படி தடை உத்தரவு பிறப்பித்திருந்தார்கள். குடத்துடன் நிற்பவர் ஐந்து பேருக்கு மேல் கூடலாகாது என்று சட்டம் சொல்லும் நிலைமை! ரயில்வேயார் தம் தண்ணீர் வண்டிக்கு 'ஜலதூத்' என்று பெயரிட்டார்கள். முதல் ஒன்பது நடைகள் பத்து வாகன்களோடு சென்றன. அப்புறம் வண்டியின் நீளம் ஐம்பது வாகன்களாயிற்று. நடைக்கு 25 லட்சம் லிட்டர். அந்தப் பஞ்ச காலத்தில் மொத்தம் 111 நடைகளில் 25 கோடியே 95 லட்சம் லிட்டர் தண்ணீர் லாத்தூருக்குப் போய்ச் சேர்ந்தது.

மூன்று வருஷங்களுக்குப் பின் அதே காட்சி நம் தாயகத்திலும் நடந்தது. 2019 ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வாகன்களில் காவிரித் தண்ணீர் சென்னை வில்லிவாக்கத்துக்கு வந்தது. சென்னையில் உற்றார் உறவினர் உள்ள நம் குடும்பங்கள் அந்தக் கோடையை எளிதில் மறந்திருக்க முடியாது.

சரக்கு ஆபீஸில் நாள் முழுவதும் டன் கணக்கு எழுதிக்கொண்டிருக்கும் நமக்கு, இந்த 25 கோடியே 95 லட்சம் லிட்டரை வேறொரு சரக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. லாத்தூர் வட்டாரத்தின் பிரதானச் சரக்குகளில் ஒன்று சர்க்கரை. ஒரு கிலோ சர்க்கரை உண்டாக, கரும்பு நட்டதிலிருந்து ஆலையை விட்டு மூட்டை வெளிவரும் வரையில், உலக சராசரியாகச் சுமார் 1,780 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று நிபுணர்கள் கணித்திருக்கிறார்கள். வகுத்துப் பார்த்தால் 146 டன் சர்க்கரை வருகிறது. அதாவது, 111 தண்ணீர் வண்டிகள் கொண்டுவந்து கொட்டிய நீர் முழுவதும், மூடு வாகன் ஒன்றுக்கு 60 டன் வீதம் ஏற்றினால் இரண்டரை வாகன் சர்க்கரைக்குள் அடங்கிவிடுகிறது! நாளொன்றுக்கு 2,500 டன் கரும்பு பிழியும் நடுத்தர ஆலைக்கு அது பதினான்கு மணி நேரத்து உற்பத்தி.

அதே ஏப்ரல் மாதத்தில் இன்னொன்றும் நடந்தது. மாதக் கடைசிக்குப் பின் நடக்கவிருந்த ஐ.பி.எல். கிரிக்கெட் ஆட்டங்களை மகாராஷ்டிரத்துக்கு வெளியே கொண்டுபோகுமாறு பம்பாய் ஹைகோர்ட் உத்தரவிட்டது. ஆடுகளங்களைப் பராமரிக்கச் சுமார் 60 லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும் என்று பத்திரிகைகளில் எல்லாம் பேசப்பட்டது. அந்த உத்தரவில் குற்றம் காண நாம் முன்வரவில்லை. ஜனங்கள் குடிக்கத் தவிக்கும்போது புல்லுக்குத் தண்ணீர் தெளிப்பது கண்ணுக்கு அழகன்று. ஆனால் அந்த 60 லட்சம் லிட்டரைச் சர்க்கரையாக்கினால் 50 கிலோ மூட்டைகள் எழுபதுகூடத் தேறா. புல்தரையில் தெளித்த தண்ணீரை ஊரே பார்த்தது. மூட்டைக்குள் போன தண்ணீரை ஒருவரும் பார்க்கவில்லை.

இப்படிப் பண்டத்துக்குள் ஒளிந்து போகும் தண்ணீருக்குத் தமிழில் 'மறைநீர்' என்று நல்லதொரு பெயர் வழங்கிவருகிறது. இந்தக் கருத்தை 1990-களின் தொடக்கத்தில் எடுத்துச் சொன்னவர் டோனி ஆலன் என்ற லண்டன் பேராசிரியர். மழையே காணாத மேற்காசிய நாடுகள் தண்ணீருக்காக அடித்துக்கொள்ளாமல் எவ்வாறு காலந்தள்ளுகின்றன என்று அவர் ஆராய்ந்தார். விடை துறைமுகத்தில் இருந்தது. ஒரு டன் கோதுமையைக் கப்பலில் இறக்குகிற தேசம், அதை விளைவிக்க வேண்டியிருந்த ஆயிரம் டன்னுக்கும் மேற்பட்ட தண்ணீரைத் தன் மண்ணில் செலவழிக்காமல் தப்பிவிடுகிறது. இதற்காக அவருக்கு 2008-இல் ஸ்டாக்ஹோம் தண்ணீர்ப் பரிசு கிடைத்தது. அவருக்குப் பின் 2002-இல் ஆர்யென் ஹூக்ஸ்ட்ரா என்னும் டச்சு நிபுணர், ஒரு பண்டத்துக்கோ, ஒரு தொழிலுக்கோ, ஒரு தேசத்துக்கோ இவ்வளவு தண்ணீர் என்று கணக்கெழுதும் முறையை வகுத்து, அதற்கு 'நீர்த்தடம்' என்று பெயர் வைத்தார். மணலில் நடந்தவனின் காலடி பதிந்திருப்பதுபோல, நாம் உண்பதும் உடுப்பதும் எங்கோ ஓர் ஆற்றிலும் கிணற்றிலும் தடம் பதித்திருக்கின்றன என்பது அதன் கருத்து.

நமக்குப் பழக்கமான சரக்கு ஒன்றை இம்முறையில் நிறுத்துப் பார்ப்போம். பஞ்சாபிலிருந்தும் ஹரியானாவிலிருந்தும் இந்திய உணவுக் கழகத்தின் அரிசி 42 மூடு வாகன்கள் கொண்ட முழு வண்டியாகத் தெற்கேயும் மேற்கேயும் போகிறது. வண்டிக்கு ஏறக்குறைய 2,600 டன். ஒரு கிலோ அரிசிக்கு உலக சராசரி 2,500 லிட்டர். ஆகவே அந்த ஒரு வண்டி அரிசிக்குள் இருக்கும் மறைநீர் 650 கோடி லிட்டர். ஐம்பது வாகன் தண்ணீர் வண்டிகள் 2,600-க்குச் சமம். காவிரிச் செய்தியை டி.எம்.சி. கணக்கிலேயே படித்துப் பழகிய நமக்கு இன்னொரு விதமாகவும் சொல்லலாம். இத்தகைய நான்கைந்து அரிசி வண்டிகள் சேர்ந்தால் ஒரு டி.எம்.சி. 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் தமிழ்நாட்டுக்கு வருஷத்துக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்பளித்தபோது, முன்பிருந்த 192-இலிருந்து 14.75 குறைந்ததே என்று நாமெல்லாம் வருந்தினோம். அந்தப் பதினாலே முக்கால் டி.எம்.சி. அறுபத்து நான்கு அரிசி வண்டிகளின் சுமை.

ஏற்றுமதியைச் சேர்த்துக்கொண்டால் தொகை இன்னும் மலைப்பூட்டும். 2022-23-இல் நம் தேசத்திலிருந்து வெளிநாடுகளுக்குச் சென்ற அரிசி சுமார் 2.2 கோடி டன். மேற்படி சராசரியால் பெருக்கினால், மேட்டூர் அணை இருபது தடவை நிரம்பி வழியும் தண்ணீர்.

இக்கணக்கை வீட்டில் படித்துக் காட்டியபோது, "அப்படியானால் நாளையிலிருந்து சோறு வடிக்க வேண்டாமா?" என்று உள்ளேயிருந்து கேள்வி வந்தது. நியாயமான கேள்வி. மொத்தத் தொகையை மட்டும் பார்த்துப் பதைபதைப்பவர்களுக்கு நீர்த்தடக் கணக்கு ஒரு பயமுறுத்தலாகவே முடியும். கணக்கின் உயிர்நிலை அடுத்த பத்தியில் இருக்கிறது. அதையும் படிக்க வேண்டும்.

ஹூக்ஸ்ட்ராவும் அவரோடு உழைத்தவர்களும் தண்ணீருக்கு மூன்று நிறம் கொடுத்தார்கள். வானத்திலிருந்து விழுந்து, மண்ணில் ஊறி, பயிரின் வேர் குடிக்கும் மழை பசுமை நீர். ஆற்றிலிருந்தும் ஏரியிலிருந்தும் கிணற்றிலிருந்தும் நாம் எடுத்துப் பாய்ச்சுவது நீல நீர். அழுக்கைக் கரைத்து அனுமதிக்கப்பட்ட அளவுக்குக் கொண்டுவரத் தேவைப்படும் தண்ணீர் சாம்பல் நீர். மூன்றும் ஒரே லிட்டர் அளவில் எழுதப்பட்டாலும் மூன்றும் ஒரே வகைச் செலவு ஆகா. காட்டின் மீது பெய்யும் மழையைக் காப்பிச் செடி குடித்தால் யார் வீட்டுக் குழாயும் வற்றிவிடாது. ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து இறைத்த நீர் ஆவியாகிப் போனாலோ, பக்கத்துக் கிணற்றுக்காரன் இன்னும் நூறடி தோண்ட வேண்டியதுதான்.

காப்பி என்று சொன்னதும் வாசகர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள் என்பதை அறிவோம். ஆகையால் அதையும் சொல்லிவிடுகிறோம். ஒரு கோப்பைக் காப்பிக்குத் தேவையான காப்பிக்கொட்டைக்கு 130 லிட்டர். அதில் சேரும் நூறு மில்லி பாலுக்கு நூறு லிட்டர். இரண்டு சிறு கரண்டி சர்க்கரைக்குச் சுமார் 18 லிட்டர். மொத்தம் 250 லிட்டர். டம்ளருக்குள் நாம் ஊற்றுகிற வெந்நீர் இதில் ஒரு துளி. ஆனால் காப்பிக்கொட்டையின் பங்கு ஏறக்குறைய முழுவதும் மலைச்சாரல் மழை; அதில் நீல நீர் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. மிகச் சிறிய தொகையாகத் தோன்றும் சர்க்கரையில்தான் நாலில் ஒரு பங்குக்கு மேல் பாசன நீர் இருக்கிறது. அதுவும் உலக சராசரி. மகாராஷ்டிரத்து வறண்ட ஜில்லாக்களில் நிலைமை இன்னும் மோசம். கரும்புக்கு அதன் ஆயுட்காலத்தில் 1,500 முதல் 2,500 மில்லிமீட்டர் வரை தண்ணீர் வேண்டும். மராத்வாடாவில் வருஷம் முழுவதும் பெய்வது அதில் பாதிக்கும் குறைவு. அதுவும் நாலு மாதத்துக்குள் பெய்து ஓய்ந்துவிடும். மீதி எல்லாம் அணையிலிருந்தும் கிணற்றிலிருந்தும் வந்தாக வேண்டும்.

நிறம் பாராத கணக்கு எவ்வளவு தூரம் நம்மை ஏமாற்றும் என்பதற்கு இவ்வூரின் பாக்கரியே சாட்சி. ஒரு கிலோ சோளத்துக்கு உலக சராசரி 3,000 லிட்டருக்கு மேல் என்று அட்டவணை சொல்கிறது. அரிசியைக் காட்டிலும் அதிகம்! சோளம் தின்பவன் அரிசி தின்பவனைவிடத் தண்ணீரை விரயம் செய்கிறான் என்று ஒருவர் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடலாம். உள்ளே திறந்து பார்த்தால், அந்த மூவாயிரத்தில் பாசன நீர் ஏறக்குறைய நூறு லிட்டர்தான். ஏனையது எப்படியும் அந்த மானாவாரி நிலத்தில் பெய்யப்போகிற மழை. ஒரு கிலோ அரிசியில் பாசன நீரின் பங்கு சுமார் ஐந்நூறு லிட்டர். சோலாப்பூர்ப் பக்கத்து ஏழை உழவர் தலைமுறை தலைமுறையாகச் சோளம் விதைத்து வந்தது அட்டவணை பார்த்து அன்று; ஆனால் அட்டவணை இப்போது அவர் பக்கம் பேசுகிறது.

சாம்பல் நீருக்கு நம் ஊர்ப் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. ஒரு பருத்திச் சட்டைக்கு 2,500 லிட்டர் என்பர். அதில் விளைச்சலுக்குப் போவது ஒரு புறம் இருக்க, சாயம் தோய்த்த நீர் எங்கே போகிறது என்பது வேறு கேள்வி. நொய்யல் நதியின் குறுக்கே பாசனத்துக்கென்று 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. எந்த விவசாயிகளுக்காகக் கட்டினார்களோ அவர்களே அந்தத் தண்ணீர் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லும்படி ஆயிற்று. 2011 ஜனவரியில் சென்னை ஹைகோர்ட் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகே, கழிவுநீரைச் சொட்டு விடாமல் சுத்திகரித்துத் திரும்ப உபயோகிக்கும் முறை அங்கே நிலைபெற்றது. ஒரு தொழிற்சாலை எடுத்துக்கொள்ளும் தண்ணீரை மட்டும் அளந்தால் திருப்பூர்ச் செலவு சொற்பமாகவே தெரியும். அது கெடுத்த தண்ணீரையும் சேர்த்து எழுதினால்தான் உண்மைத் தொகை வரும்.

இனி, துறைவாரியாகக் கணக்கெடுப்பது என்றால் என்ன என்று பார்ப்போம். ஐ.நா.வின் உணவு விவசாய ஸ்தாபனத்தாரின் 2010-ஆம் வருஷக் கணக்குப்படி இந்தியாவில் எடுக்கப்படும் தண்ணீரில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் விவசாயத்துக்கு. 7 பங்கு வீடுகளுக்கும் ஊராட்சிகளுக்கும். 2 பங்கு தொழில்களுக்கு. நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது சர்க்காரின் அளவுகோல். நம் காலனிகளில் அந்த அளவு குழாயில் வந்துவிட்டால் அன்று திருநாள். ஆனால் ஓர் இந்தியருக்காக, அவர் உண்பது உடுப்பது அனைத்தையும் சேர்த்து, நாளொன்றுக்குச் செலவாகும் தண்ணீர் சுமார் 3,000 லிட்டர் என்று 1996 முதல் 2005 வரையிலான விவரங்களைக் கொண்டு ஹூக்ஸ்ட்ரா குழுவினர் கணித்தனர். குளிப்பதும் துவைப்பதும் துலக்குவதும் அதில் நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. எனினும் கோடை வந்ததும் நோட்டீஸ் ஒட்டப்படுவது நம் மாடிப்படிச் சுவரில்தான். வாளியில் குளியுங்கள், குழாயை மூடுங்கள் என்று. மூடத்தான் வேண்டும், குழாயைத் திறந்துவிட்டுப் பல் துலக்குவதற்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. நோட்டீஸ் ஒட்ட வேண்டிய பெரிய சுவர்கள் வேறு இடத்தில் இருக்கின்றன என்பதே நம் அபிப்பிராயம்.

தொழில்களின் பங்கு இரண்டே சதவிகிதம் என்பதாலும் அதை அலட்சியம் செய்யலாகாது. பீட் ஜில்லாவில் பர்ளி வைத்தியநாதம் என்னும் க்ஷேத்திரத்தை நம்மவர் பலர் தரிசித்திருப்பார்கள். அவ்வூரில் உள்ள அனல்மின் நிலையம் 2013 பிப்ரவரியில் தண்ணீர் இல்லாமல் நிறுத்தப்பட்டது. 2015-இலும் அதே கதி. கொதிகலனுக்கு நிலக்கரி இருந்தும் குளிர்விக்கத் தண்ணீர் இல்லை. 2015 டிசம்பரில் மத்திய சர்க்கார் வகுத்த விதியின்படி, அப்போது நடந்துகொண்டிருந்த அனல்மின் நிலையங்கள் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்றரை லிட்டருக்கு மேல் உபயோகிக்கக் கூடாது. மாதம் 200 யூனிட் எரிக்கும் வீட்டில், மின்விசிறி வழியாக 700 லிட்டர் தண்ணீர் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஆற்றிலிருந்து எடுத்த நீர் வேறு. தீர்ந்துபோன நீர் வேறு. பழைய மாதிரி மின்நிலையம் ஆற்று நீரை உள்ளே வாங்கிச் சூடாக்கி அப்படியே திருப்பி விட்டுவிடும். எடுத்தது ஏராளம்; தீர்ந்தது கொஞ்சம். கோபுரம் வைத்துக் குளிர்விக்கும் நிலையமோ குறைவாக எடுத்து, எடுத்ததில் பெரும்பகுதியை ஆவியாக்கிவிடும். ஸ்டேஷனை விட்டுப் போய்த் திரும்பி வருகிற வாகனை நாம் நஷ்டக் கணக்கில் எழுதுவதில்லை. அதில் போன சரக்கைத்தான் எழுதுகிறோம். தண்ணீர்க் கணக்கிலும் இவ்விரண்டு பத்திகளையும் கலந்துவிட்டால், சேமித்தவன் விரயம் செய்தவனாகவும், விரயம் செய்தவன் சேமித்தவனாகவும் காட்சியளிப்பார்கள்.

துறைகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடப்பதும் இக்கணக்கில்தான் வெளியாகிறது. பெட்ரோலில் எத்தனால் கலப்பதை எல்லோரும் எண்ணெய்த் துறைச் செய்தியாகவே படிக்கிறார்கள். கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் எடுக்கச் சுமார் 2,860 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்று நிதி ஆயோக்கின் 2021-ஆம் வருஷத்து அறிக்கையே சொல்கிறது. நூற்றுக்கு இருபது கலந்த பெட்ரோலில், எத்தனால் கரும்பிலிருந்தே வந்ததாயின், லிட்டருக்கு 570 லிட்டர் தண்ணீர் மறைந்திருக்கிறது. மக்காச்சோளத்திலிருந்தும் அரிசியிலிருந்தும் வடிப்பது இப்போது அதிகமாகியிருக்கிறது. அவற்றுக்கும் தண்ணீர் உண்டு. அந்நியச் செலாவணி மிச்சமாவது உண்மை. அந்த மிச்சத்தின் எதிர்ப்பக்கத்தில் தண்ணீர்ப் பற்று எழுதப்பட்டிருக்கிறதா என்பதே கேள்வி.

அப்படியானால் கரும்பு விவசாயிதான் குற்றவாளியா? அவரிடம் கேட்டால் வேறு கணக்குக் காட்டுவார். கரும்புக்கு மத்திய சர்க்கார் ஆதார விலை நிர்ணயிக்கிறது. 2025-26 பருவத்துக்குக் குவிண்டாலுக்கு 355 ரூபாய். விளைந்ததை வாங்கிக்கொள்ள ஆலை இருக்கிறது. ஆலங்கட்டி மழையிலும் அது முற்றிலும் அழிந்துவிடுவதில்லை. சோளத்துக்கும் துவரைக்கும் விலை அறிவிப்பு உண்டென்றாலும், களத்துக்கு வந்து வாங்கிப்போகிறவர் யார்? மாநிலத்தின் சாகுபடி நிலத்தில் நூற்றுக்கு நாலு பங்கு அளவே உள்ள கரும்பு, பாசன நீரில் பாதிக்கு மேல் குடித்துவிடுகிறது என்பதை மத்திய விவசாய விலைக் கமிஷனே எடுத்துக்காட்டியிருக்கிறது. ஆனால் அந்த நாலு பங்கு நிலத்துக்குத் தண்ணீர் ஓடிப் போகும் வாய்க்காலை விலைக் கொள்கைதான் வெட்டித் தந்திருக்கிறது. 2017-இல் மகாராஷ்டிர சர்க்கார் கரும்புக்குச் சொட்டுநீர்ப் பாசனத்தைக் கட்டாயமாக்க முடிவு செய்தது. நல்ல காரியமே. ஆயினும் சொட்டுநீரால் மிச்சமான தண்ணீரைக் கொண்டு அடுத்த இரண்டு ஏக்கரிலும் கரும்பே நட்டால் அணைக்குத் திரும்பியது என்ன? ஏக்கருக்கு எவ்வளவு மிச்சம் என்று அளப்பதோடு நில்லாமல், அணையில் எவ்வளவு மிஞ்சியது என்றும் அளந்தாக வேண்டும்.

பஞ்சாபில் ஓர் அளவு பார்த்துச் சட்டம் செய்து, இன்னோர் அளவு பாராமல் விட்டதன் பலனைத் தலைநகரத்து நம்மவர்கள் சுவாசித்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே மே மாத வெயிலில் நாற்று நட்டால் பாய்ச்சிய நீர் வயலிலேயே ஆவியாகிறது என்பதைக் கண்டு, ஜூன் 10-ஆம் தேதிக்கு முன் நடவு கூடாது என்று 2009-இல் சட்டம் இயற்றினார்கள். நிலத்தடி நீரைப் பற்றிய வரையில் காரணம் சரியானதே. ஆனால் நடவு தள்ளிப்போக, அறுவடையும் தள்ளிப்போயிற்று. நெல் அறுத்துக் கோதுமை விதைக்க இடையில் இருந்த நாட்கள் சுருங்கின. வைக்கோல் தாளை அகற்ற நேரமில்லாமல் வயலிலேயே கொளுத்தலானார்கள். அந்தப் புகை அக்டோபர், நவம்பர் மாதங்களில் டெல்லி வரைக்கும் வந்து கரோல்பாக்கிலும் மயூர் விஹாரிலும் நம் குழந்தைகளை இருமச் செய்கிறது.

அவ்வளவு செய்தும் நீர்மட்டம் ஏறவில்லை. 2023-ஆம் வருஷத்து மத்திய நிலத்தடி நீர் மதிப்பீட்டின்படி, பஞ்சாபில் ஆண்டுதோறும் எடுக்கத்தக்க நீர் 100 என்றால் எடுப்பது 164. நபார்டு வங்கி 2018-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று இந்த விஷயத்தை அழகாக விளக்குகிறது. ஹெக்டேருக்கு இத்தனை டன் என்று நிலத்தால் அளந்தால் நெல்லில் பஞ்சாப் முதலிடம். பாய்ச்சிய தண்ணீரில் ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிராம் என்று அளந்தால் பஞ்சாபில் 220 கிராம். ஜார்க்கண்டில் 750 கிராம். ஒரே பயிர், அளவுகோல் மாறியதும் முதல் மாணவன் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டான். அரிசி வண்டிகள் புறப்பட வேண்டிய ஸ்டேஷன்கள் கிழக்கே இருக்க வேண்டும் என்பதுதான் இதன் அர்த்தம். கொள்முதல் நிலையங்களும் கிடங்குகளும் இலவச மின்சாரமும் வடமேற்கே இருக்கும் வரையில் வண்டி அங்கிருந்துதான் புறப்படும்.

மத்திய சர்க்கார் 2022 அக்டோபரில் தண்ணீரைச் சிக்கனமாக உபயோகிப்பதற்கென்றே ஒரு பீரோவை ஏற்படுத்தியிருக்கிறது. விவசாயம், தொழில், வீடு ஆகிய எல்லாத் துறைகளிலும் உபயோகத் திறனை நூற்றுக்கு இருபது உயர்த்த வேண்டும் என்பது தேசியத் தண்ணீர்த் திட்டத்தின் நோக்கம். எதிலிருந்து இருபது என்பதற்கு முதலில் அளவு வேண்டும். மின்சாரத்துக்கு வீடுதோறும் மீட்டர் இருக்கிறது. சரக்குக்கு எடைமேடை இருக்கிறது. ஆழ்குழாய்க் கிணறுகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு ஒன்றும் இல்லை. எடைமேடை இல்லாத ஸ்டேஷனில் அனுப்புகிறவர் சொன்னதே எடை!

அளந்து பார்த்து அதன்படி நடக்கும் ஓர் ஊர் இந்த மாநிலத்திலேயே இருக்கிறது. அகமதுநகர் என்று நாம் அழைத்துப் பழகிய, இப்போது அகில்யாநகர் எனப் பெயர் மாறியுள்ள ஜில்லாவில் ஹிவரே பஜார் என்னும் கிராமம். மழை குறைவான பிரதேசம். 1972-ஆம் வருஷத்துப் பஞ்சத்துக்குப் பின் ஊரில் பாதிப் பேர் பிழைப்புத் தேடிப் புனேவுக்கும் மும்பைக்கும் போய்விட்டார்கள். போபட்ராவ் பவார் தலைவராக வந்த பிறகு, குன்றுகளில் வரப்பு வெட்டி மழையைத் தடுத்து நிறுத்தினார்கள். மரம் வெட்டுவதும் கால்நடைகளைக் கண்டபடி மேயவிடுவதும் நின்றன. பாசனத்துக்கு ஆழ்குழாய் போடலாகாது, கரும்பும் வாழையும் பயிரிடலாகாது என்று ஊரார் தாமே கட்டுப்பாடு செய்துகொண்டார்கள். பவாருக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

ஆனால் நம் மனத்தைக் கவர்ந்தது விருது அன்று. அவர்களுடைய கணக்குப் புத்தகம். மழை ஓய்ந்ததும், அந்த வருஷம் பெய்த மழையையும் கிணறுகளின் நீர்மட்டத்தையும் கொண்டு இவ்வளவு தண்ணீர் கையிருப்பு என்று கணிக்கிறார்கள். கிராம சபையில் எல்லோர் முன்னிலையிலும் அது வாசிக்கப்படுகிறது. மனிதர் குடிக்கவும் கால்நடை குடிக்கவும் வேண்டியதை முதலில் எடுத்து வைக்கிறார்கள். மிஞ்சியதற்கு ஏற்றபடியே அடுத்த பருவத்தில் எதை, எவ்வளவு விதைப்பது என்று தீர்மானம் ஆகிறது. மழை பொய்த்த வருஷத்தில் தண்ணீர் மிகுதியாகக் கேட்கும் பயிர் நிற்கிறது. யாருடைய நிலமானாலும் சரி. போனவர்களில் பல குடும்பங்கள் திரும்பி வந்துவிட்டன. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்திருக்கும் நமக்கு அந்த வாக்கியத்தைப் படிக்கையில் சற்று நின்றுதான் அப்பால் போக முடிகிறது.

நம் சங்கத்துக் குடும்பங்கள் வருஷந்தோறும் ஷீரடிக்கும் சனி சிங்கணாப்பூருக்கும் போய்வருவது வழக்கம். இரண்டும் அந்த ஜில்லாவிலேயே இருக்கின்றன. பிரயாணத்தில் அரை நாளைக் கூட்டி வைத்துக்கொண்டால் ஹிவரே பஜாரையும் பார்த்து வரலாம். மழைக்காலம் முடிந்தபின் போவது உத்தமம். அப்போதுதான் கணக்கு எழுதி முடித்திருப்பார்கள்.